மூன்று நாள் குழந்தையை ‘மழலை’ எனலாமா?

அச்சுக்கோப்பு: பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு ஒரு வாழ்த்து அட்டை. ‘புது மழலைக்கு வாழ்த்துகள்’ என்று எழுதித் தந்திருக்கிறார்கள். அப்படியே அச்சுக்கு விடலாமா?

நடைவண்டி: கூடாது. மழலை என்பது குழந்தையின் திருந்தாத பேச்சு. குறள் 66 ‘தம்மக்கள் மழலைச்சொல்’ என்கிறது. அங்கே மக்கள் வேறு, மழலை வேறு. மூன்று நாளில் அழுகைதான் வரும். ‘ங்கா’வுக்கே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ‘பாபா, மாமா’ என்று அசையை அடுக்க ஆறு மாதத்தை ஒட்டி ஆகிவிடும்.

கிலுகிலுப்பை: அப்போ ‘மழலையர் பள்ளி’ பலகைகளையெல்லாம் கழற்றிவிடலாமா? இது ஆகுபெயர் ஐயா. ‘சுவருக்கு வெள்ளை அடித்தான்’ என்றால் நிறத்தையா அடித்தான்?

நடைவண்டி: பலகை இருக்கட்டும், அது சரிதான். செல்வம், செல்வர் மாதிரி மழலை, மழலையர். ‘அர்’ விகுதி அதை உடையவரைக் காட்டுகிறது. மூன்று வயதுப் பிள்ளை மழலை பேசும். விகுதியை எடுத்தால் மிஞ்சுவது பேச்சு மட்டுமே. சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதால்தான் அது வெள்ளை. பேசாத குழந்தையிடம் எந்த மழலை?

கிலுகிலுப்பை: ‘என் செல்வமே’ என்று தொட்டிலைப் பார்த்துக் கொஞ்சுகிறோமே, அங்கே விகுதி எங்கே போனது? சொல்லின் பொருள் நகரும். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். இன்று யாரையாவது அப்படிப் பாராட்டிப் பாருங்கள்.

நடைவண்டி: நகரட்டும். ஆனால் புதுக்குழந்தைக்குச் சொல்லா இல்லை? குழவி இருக்கிறது. புறநானூறு 74 ‘குழவி இறப்பினும்’ என்றுதான் தொடங்குகிறது. மனிதருக்குக் குழவி, மக என்ற இரண்டு இளமைப்பெயர்களே உரியவை என்கிறது தொல்காப்பிய மரபியல்.

கிலுகிலுப்பை: அதே மரபியல் யானைக்கன்றையும் குழவி என்கிறதே! அட்டையில் போட்டால் பாதிப் பேர் அம்மியைத் தேடுவார்கள். ழகரம் தவறினால் கொட்டவே செய்யும்.

வார்டுமொழி: மருத்துவ மொழிபெயர்ப்பில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. முதல் 28 நாள் பச்சிளங்குழந்தை. சிசு மரண விகிதம் என்பது 1000 உயிர்ப் பிறப்புகளுக்கு, ஒரு வயது நிரம்புமுன் இறப்பவர்களின் கணக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அட்டவணையே பொய்யாகிவிடும். தொல்லை தருவது ‘சிசு’தான்: வயிற்றில் இருப்பதையும் சிசு என்கிறார்கள். அங்கே ‘கரு’ சேர்த்துக் ‘கருச்சிசு’ என்று எழுதிவிடுங்கள். ‘கைக்குழந்தை’க்கு வயது வரம்பே கிடையாது; படிவத்தில் எழுதாதீர்கள்.

அச்சுக்கோப்பு: அப்படியானால் அட்டையில் ‘பச்சிளங்குழந்தைக்கு’?

நடைவண்டி: மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும். ‘குழந்தைக்கு’ என்று போடுங்கள்.

கிலுகிலுப்பை: அட்டைக்குச் சரி. தாலாட்டில் மழலையை நான் விட்டுத்தருவதாக இல்லை.