105 பேஸ் பீக் (மிக உயரமான பீக்). லைப்ரரி அசிட்டோஃபீனோன் என்கிறது, ரிடென்ஷன் டைம் (பீக் வெளிவரும் நேரம்) ஒத்துவரவில்லை

கேள்வி:
வணக்கம். லேபிள் அழிந்துபோன ஒரு குப்பியில் இருந்த திரவத்தை ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து, துண்டுகளாக உடைத்து, நிறை பார்க்கும் கருவி) ஓட்டினேன். 70 எலக்ட்ரான் வோல்ட், ஸ்கேன் 45 முதல் 400 வரை. 9.8 நிமிடத்தில் ஒரே ஒரு பெரிய பீக். அதன் ஸ்பெக்ட்ரம் (துண்டின் நிறை, அடைப்புக்குறிக்குள் அதன் உயரம் சதவீதத்தில்): 105 (100), 77 (54), 51 (18), 120 (13), 148 (10). கூடவே 207, 281 கொஞ்சம் தெரிகின்றன.

எங்கள் லைப்ரரி (ஒப்பிட வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) சிறியது, நாங்களே சேர்த்த சேர்மங்கள் மட்டும்தான். முதல் பொருத்தம் அசிட்டோஃபீனோன். 120-இல் மெத்தில் 15 போனால் 105, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அசிட்டோஃபீனோன் ஸ்டாண்டர்டை (அடையாளம் தெரிந்த தூய மாதிரி) அதே காலத்தில் (column, பிரிப்புக் குழாய்), அதே வெப்பநிலை புரோகிராமில் ஓட்டினால் 7.1 நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. 207, 281 போல 148-உம் அசுத்தம்தான் என்று ஒதுக்கிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்கிறேனா? இரண்டு நாளாக இதே ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1:
கியூமீனாக இருக்கலாமே? அதற்கும் 120 மூலக்கூறு அயனி (உடையாத முழு மூலக்கூறு), 105 பேஸ் பீக்.

பதில் 2:
கியூமீன் இல்லை. அதன் கொதிநிலை சுமார் 152 டிகிரி, அசிட்டோஃபீனோனுக்கு 202. கியூமீன் 7.1 நிமிடத்துக்கும் முன்னால் வந்திருக்க வேண்டும். தவிர, அதன் 105 வெறும் ஹைட்ரோகார்பன் அயனி. 77 அவ்வளவு உயரமாக நிற்காது, பக்கத்திலேயே 79-உம் தெரியும். உங்களுடையதில் 105, 77, 51 என்று படி இறங்குகிறது. 105-இல் 28 (கார்பன் மோனாக்சைடு) போனால் 77, அதில் 26 (அசிட்டிலீன்) போனால் 51. பென்சாயில் அயனியின் கையெழுத்தே இதுதான். ஆகவே பென்சீன் வளையத்தை ஒட்டி ஒரு கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) இருக்கிறது. அதுவரை உங்கள் லைப்ரரி சொன்னது சரி.

தவறு 148-ஐ ஒதுக்கியதில்தான். 148-க்கும் 105-க்கும் வித்தியாசம் 43, அதாவது புரோப்பைல். 148-க்கும் 120-க்கும் 28, அதாவது எத்திலீன். இப்போது 120-ஐக் கவனியுங்கள். நைட்ரஜன் இல்லாத சேர்மத்தின் மூலக்கூறு அயனி இரட்டைப்படை எண்ணில் வரும். ஒரே ஒரு பிணைப்பு அறுந்தால் துண்டு ஒற்றைப்படையில் வரும், 105 அப்படி வந்ததுதான். துண்டு இரட்டைப்படையில் வந்தால் உள்ளே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியிருக்கிறது என்று உடனே சந்தேகப்பட வேண்டும். 1959-இல் மெக்லாஃபர்ட்டி விவரித்த மறுசீரமைப்பு இது. கார்பனைலுக்கு அடுத்து மூன்றாவதாக வரும் காமா கார்பனில் உள்ள ஹைட்ரஜன் ஆறணு வளைய நிலை வழியாகக் கார்பனைல் ஆக்சிஜனுக்குத் தாவுகிறது, எத்திலீன் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது அசிட்டோஃபீனோனின் ஈனால் வடிவ (ஹைட்ரஜன் ஆக்சிஜனில் ஒட்டிய வடிவ) அயனி, நிறை 120. லைப்ரரி குழம்பியதன் காரணமும் அதுவே.

என் கணிப்பு பியூட்டைரோஃபீனோன். 10 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். நிறைவுறாமை (வளையங்கள், இரட்டைப் பிணைப்புகளின் மொத்த எண்ணிக்கை) 5, வளையத்துக்கு 4, கார்பனைலுக்கு 1. கொதிநிலை 230 டிகிரியை ஒட்டி வரும், அதனால் தாமதமாக இறங்குவதும் பொருந்துகிறது.

ஆனால் முதலில் 148 இந்தப் பீக்குக்கே சொந்தம்தானா என்று உறுதி செய்யுங்கள். 148, 120, 105, 207 நான்கையும் தனித்தனி அயனி குரோமட்டோகிராமாக (ஒரு நிறையின் உயரம் நேரத்தோடு மாறும் வரைபடம்) எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முதல் மூன்றும் ஒரே ஸ்கேனில் ஏறி ஒரே ஸ்கேனில் இறங்க வேண்டும். 207-உம் 281-உம் பிரிப்புக் குழாயிலிருந்து கசியும் சிலாக்சேன் (சிலிக்கன் சேர்மம்). கருவியின் அவன் (oven) சூடு ஏற ஏற அவையும் ஏறிக்கொண்டே போகும், பீக்காக வராது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை எடுத்துப் பார்த்தேன். 148, 120, 105 மூன்றும் ஒரே உச்சியில் நிற்கின்றன. 207 நீங்கள் சொன்னபடியே கடைசிவரை ஏறுகிறது. 149-உம் இருக்கிறது, 1.2 அளவில். அது பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட்டா? அப்புறம், 148 நிறையுள்ள மற்ற ஐசோமர்களை (அதே அணுக்கள், வேறு அமைப்பு) எப்படி விலக்குவது?

பதில் 3:
தாலேட்டுக்கு 149-தான் பேஸ் பீக், அது 148-ஐத் தாண்டி நிற்கும். உங்களுடையது 148-இல் 12 சதவீதம். கார்பனுக்கு 1.1 சதவீதம் வீதம் 10 கார்பனுக்கு 11 வர வேண்டும். இவ்வளவு சிறிய பீக்கில் அந்த வித்தியாசம் சகஜம். கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) ஐசோடோப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐசோமர்களில் ஐசோபியூட்டைரோஃபீனோனைத்தான் முதலில் விலக்க வேண்டும். அதற்கும் 148, 105, 77 எல்லாம் வரும். ஆனால் கார்பனைலை ஒட்டிய கார்பனில் இரண்டு மெத்தில் மட்டும்தான், காமா கார்பனே கிடையாது. எனவே 120 வராது. உங்களிடம் 13 சதவீதம் இருக்கிறது. வளையத்தில் மெத்தில் உள்ள 4-மெத்தில்புரோப்பியோஃபீனோன் என்றால் பேஸ் பீக் 119-க்குப் போய்விடும், 91-உம் வரும். வெலரோஃபீனோனும் 120, 105 தரும், ஆனால் அதன் மூலக்கூறு அயனி 162. இருந்தாலும் ஸ்டாண்டர்டை ஓட்டாமல் குப்பியில் பெயர் எழுதாதீர்கள்.

கேட்டவர்:
பக்கத்து ஆய்வகத்தில் பியூட்டைரோஃபீனோன் கிடைத்தது. தனியாக ஓட்டினேன், 9.8 நிமிடம். குப்பித் திரவத்தோடு கலந்தும் ஓட்டினேன். பீக் பிரியவில்லை, தோள்கூட விழவில்லை. 120-உம் 148-உம் அதே விகிதத்தில் வருகின்றன. குப்பிக்குப் புது லேபிள் ஒட்டிவிட்டேன், இந்த ஸ்பெக்ட்ரத்தை எங்கள் லைப்ரரியிலும் சேர்த்துவிட்டேன்.