புதுப்பிப்பு: ஏபிஎஸ் விளக்கு, யூ0121 கோடு – காரணம் பிடிபட்டது

என் கார் ஓடும்போது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிவதாகவும், ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழுவதாகவும், ஸ்கேனர் யூ0121 (ஏபிஎஸ் மாட்யூலுடன் தொடர்பு இல்லை என்ற பிழைக் குறியீடு) காட்டுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன்; உதவிய அனைவருக்கும் நன்றி. ஏபிஎஸ் மாட்யூலை (அதன் கட்டுப்பாட்டுக் கணினியை) மாற்றும் முன், காரின் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர்களின் மின்தடையை அளக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தபோது, கேன் வயர்களின் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் முனைத்தடைகள் இரண்டும் இணையாக இருந்தால் வரவேண்டிய 60 ஓமுக்குப் பதிலாக 120 காட்டியது; அதாவது ஒரு முனைத்தடை இணைப்பில் இல்லை. என் காரில் ஒரு முனைத்தடை ஏபிஎஸ் மாட்யூலுக்குள் இருப்பதால் அதன் கனெக்டரைக் கழற்றினேன்; கேன் பின் ஒன்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பின்னை மாற்றியதும் 60 ஓம் வந்தது, யூ0121 குறியீட்டை அழித்த பிறகு அது திரும்பவில்லை. நான் எதிர்பாராதது, தண்ணீர் வந்த வழி: மேலிருந்து சொட்டவில்லை, உறை கிழிந்த வீல் சென்சார் வயருக்குள்ளேயே ஊறி ஏறியிருந்தது. அந்த வயரையும் மாற்றிவிட்டேன்.