‘நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது’

விருதுநகர் மாவட்டத்தில் 2007 முதல் கணினி சர்வீஸ் செய்து வருகிறேன். பழைய சிஸ்டங்களோடு மல்லுக்கட்டும் வாடிக்கையாளர்களைப் பற்றி இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் இங்கே எழுதியவற்றில் பெரும்பாலானவை அவர்களுடைய அறியாமையைப் பற்றியவை. எனக்கும் அவை நேர்ந்திருக்கின்றன. எந்த விண்டோஸ் என்று தொலைபேசியில் கேட்டால் மானிட்டரில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரைப் படித்துச் சொல்வார்கள். அதனால் இப்போதெல்லாம் பதிப்பைக் கேட்பதே இல்லை; ஸ்டார்ட் பட்டன் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். பச்சையாக, மேலே எழுத்தோடு இருந்தால் எக்ஸ்பி. உருண்டையாக இருந்தால் விஸ்டா அல்லது 7. இடது மூலையில் நான்கு கட்டங்களாக இருந்தால் பெரும்பாலும் 10. நடுப்பக்கம் நகர்ந்து வந்திருந்தால் 11. இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் தவறான பதில் சொன்னதில்லை.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். தம் சிஸ்டம் பழையது என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அதை மாற்றவிடாமல் ஏதோ ஒரு பொருள் பிடித்து வைத்திருக்கும். அது என்ன என்பதை முதல் நாள் சொல்லாமல், நான் பாதி வேலையை முடித்த பிறகு மூன்றாம் நாள் சொல்வார்கள்.

அந்தக் கதைக்குப் போகும் முன் ஒரு சின்னச் சம்பவம். ஓர் இரும்புக் கடையில் உரிமையாளர் குடும்ப விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய மகன், எந்த இணையதளமும் திறக்கவில்லை, வைரஸ் புகுந்துவிட்டது, உடனே வந்து ஃபார்மட் போட வேண்டும் என்று அழைத்தான். போய்ப் பார்த்தால் மூலையில் தேதி 2008 ஜனவரி 1 என்று இருந்தது. இன்றைய இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2008இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவையாகிவிடும், பிரவுசர் வாசலிலேயே நிறுத்திவிடும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்றினேன், தேதியைச் சரிசெய்தேன், எல்லாம் திறந்தது.

மறு வாரம் உரிமையாளர் வந்து சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தினமும் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, சுவரில் இருக்கும் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து, அதைப் பார்த்துக் கணினியில் தேதியை மாற்றிவிட்டுத்தான் முதல் பில்லைப் போடுவாராம். அதைப் பழுது என்றே அவர் நினைத்திருக்கவில்லை. காலண்டருக்குத் தாள் கிழிப்பது போலக் கணினிக்கும் செய்ய வேண்டிய ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். விடுமுறை முடிந்து வந்த நாளில் தாள் கிழிக்க மறந்து, முந்தைய தேதியிலேயே சில பில்கள் போய்விட்டதும் உண்டாம். நாற்பது ரூபாய் பேட்டரி. ஆனால் அவர் என்னிடம் ஒரு நாளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை, நானும் அதே கடைக்கு இரண்டு முறை பிரிண்டர் பார்க்கப் போயிருந்தும் மூலையில் இருந்த தேதியைக் கவனித்ததில்லை. கவனித்திருந்தாலும் அவர் கைப்பட மாற்றிய சரியான தேதிதான் தெரிந்திருக்கும்.

இனி அந்த மருந்து மொத்த விற்பனைக் கடை. 2019 கடைசியில், சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது, அப்பாவின் எக்ஸ்பி சிஸ்டத்தைப் பார்த்துப் பயந்துபோய், 8 ஜிபி ராம் போட்ட புதிய சிஸ்டம் ஒன்றை 64 பிட் விண்டோஸ் 10ஓடு வாங்கி வைத்துவிட்டு என்னை அழைத்தார். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது என்பதால் அவருடைய பயம் நியாயமானதுதான். “டேட்டாவை மட்டும் மாத்திக் குடுங்க சார், ஒரு மணி நேர வேலைதான்” என்றார். அந்த ஒரு மணி நேரம் மூன்று நாளாயிற்று.

பில் போடும் புரோகிராம், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் புதியதில் போட்டு இயக்கினால், இந்தக் கணினியில் இது ஓடாது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. 64 பிட் விண்டோஸில் இதுபோன்ற பழைய 16 பிட் புரோகிராம்களை ஓடவைக்கும் பகுதியே கிடையாது என்பதை மகனுக்கு விளக்கினேன். புதியது பழையதைவிடச் சக்தி வாய்ந்தது என்றால் பழையதை ஏன் ஓட்டமுடியாது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பைப் போட்டேன். அதில் பழைய 16 பிட் ஆதரவை இயக்கிக்கொள்ள முடியும் (விண்டோஸ் 11இல் அதுவும் இல்லை, அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது). 8 ஜிபி ராமில் பாதி பயன்படாமல் போகிறதே என்று மகனுக்கு வருத்தம். அதையும் தாண்டிப் புரோகிராமைத் திறந்தால், பூஜ்ஜியத்தால் வகுக்கிறேன் என்று ஒரு பிழைச் செய்தி வந்து மூடிக்கொண்டது. அந்தக் கால ஃபாக்ஸ்புரோ, தொடங்கும்போது ஒரு சுற்றை ஓடவிட்டு, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக் கணினியின் வேகத்தை அளக்கும். இன்றைய பிராசசர் அந்தச் சுற்றைக் கண் இமைப்பதற்குள் முடித்துவிடுவதால் நேரம் பூஜ்ஜியம் என்று வந்து, அதனால் வகுக்கப் போய் விழுந்துவிடுகிறது. இதற்கென்று ஒரு திருத்தக் கோப்பு உண்டு; தேடிப் போட்டேன். கணினி வேகமாக இருப்பதால் ஓட மறுக்கிறது என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்ல நேர்ந்தது என் தொழில் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் நாள் பிரிண்டர். டாட் மேட்ரிக்ஸ், தொடர் காகிதம், பேரலல் போர்ட் என்ற பழைய அகலமான செருகுவாய். புதிய சிஸ்டத்தில் அந்த போர்ட்டே இல்லை. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டால் விண்டோஸ் பிரிண்டரைக் கண்டுகொள்ளும், ஆனால் புரோகிராமோ அந்தப் பழைய போர்ட்டுக்கு உரிய எல்பிடி 1 என்ற பெயரைத் தவிர வேறு எதையும் தேடாது. பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்வது போலப் பகிர்ந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் அதே கணினியிலேயே எல்பிடி 1 என்று பெயர் சூட்டி ஏமாற்றினேன். அந்த டர்ர்ர் சத்தத்தோடு முதல் பில் இறங்கியபோது பெரியவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் சொன்னார்: “எல்லாம் சரி தம்பி, மார்ச் கடைசியில வருஷக் கணக்கு முடிக்க ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது இந்த புரோகிராம் எழுதினவருக்குத்தான் தெரியும். அவர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு.”

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு வழியில் போயிருப்பேன். கடந்த இரண்டு மார்ச்சிலும் வருடக் கணக்கை முடிக்காமலேயே, பழைய ஆண்டின் கீழேயே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். உண்மையில் அந்தச் சிஸ்டத்தைப் பிடித்து வைத்திருந்தது எக்ஸ்பியும் அல்ல, பிரிண்டரும் அல்ல, இந்தப் பாஸ்வேர்டு. புதிய மென்பொருளுக்கு மாறினால் பதினைந்து ஆண்டுக் கணக்கும் பூட்டுக்குள் போய்விடும் என்ற பயம். கணக்கெல்லாம் இருக்கும் ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்புகளுக்கு அப்படிப் பூட்டு எதுவும் இல்லை என்று சொல்லி, எக்செல் போன்ற லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் ஒன்றைத் திறந்து, அவருடைய மருந்துப் பட்டியலை வரிசை வரிசையாகக் காட்டினேன். சரக்கு இருப்பும் பாக்கி விவரமும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தன. மகன் சொன்ன ஒரு மணி நேர வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பெரியவர் அந்தப் பழைய புரோகிராமை விடவில்லை, அதில் எனக்கு அவர் மேல் குறையும் இல்லை. மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்து, என்டர், எண்ணிக்கை, என்டர் என்று விசைப்பலகையைப் பார்க்காமலே இருபது வரி பில்லை அவர் போட்டு முடிப்பதற்குள், மகன் பரிந்துரைத்த புதிய மென்பொருளில் ஒருவர் மவுஸைப் பிடித்து ஐந்தாவது வரிக்குத்தான் வந்திருப்பார். பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பழையது என்றாலே ஆபத்து என்று நாம் சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளர்களிடம் நம்பிக்கையை இழந்திருக்கிறோம் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவிய வாரத்தில் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் என்னை விடாமல் அழைத்தார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட், ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அந்தத் தாக்குதலில் அதிகம் மாட்டியவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. இப்போது 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், எஸ்எஸ்டி, எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் ஆறு சிஸ்டங்களை வைத்திருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் போய், 11க்கு எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், ஆகவே ஆறையும் மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவழியாகச் சொன்னதும் ஆடிட்டர் கோபப்பட்டார். இந்த ஒன்றில் நான் வாடிக்கையாளர் பக்கம்.

கடைசியாக ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் அவர்களுக்குப் பிரதானம். எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய தமிழ் எழுத்துருத் தொகுப்பு ஒன்று. முன்பெல்லாம் பத்திரிகை வாசகத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை எடுத்து ஒட்டினால் தாத்தா பாட்டி முதல் தாய்மாமன் வரை அத்தனை பேரும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கிறார்கள். உரிமையாளர் அண்ணாச்சி, இணைய இணைப்பு சரியில்லாததால் எழுத்து பாதி வழியில் கெட்டுவிடுகிறது என்று முடிவு கட்டி, வேகமான இணைப்பும் வாங்கிவிட்டார். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அவர்களுடைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து ஓட்டும் பழைய ஏற்பாடு. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டது என்று சொன்னேன். “அரசாங்கம் பத்திரிகை அடிக்குதா தம்பி” என்றார்.

எழுத்துரு மாற்றியை நிறுவிக் கொடுத்தேன். அங்கே டைப் செய்யும் அக்கா அதை இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப்பில் வருவதில் எப்படியும் பாதிப் பெயர்கள் பிழையாகத்தான் இருக்கும், பார்த்து அடிப்பதே சுலபம் என்பது அவருடைய வாதம். அவர் அடிக்கும் வேகத்தைப் பார்த்தால் மறுத்துப் பேச முடியவில்லை.

இருபது ஆண்டுப் பத்திரிகை மாதிரிகள் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. அது ஐடிஇ என்ற பழைய வகை, 80 ஜிபி. இரண்டு நகல் எடுத்து வைத்துவிட்டேன், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், ராமை எடுத்து அழிப்பானால் தேய்த்துப் போட்டு இரண்டு முறை உயிர் கொடுத்துவிட்டேன். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் இது மூன்றாவது. பேஜ்மேக்கருக்குப் பதிலாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் 7 கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது என்பதால் அந்த வழியும் அடைபட்டுக்கொண்டே வருகிறது. இவ்வளவும் முடிந்து, வேறு ஒரு சிஸ்டத்தில் எக்ஸ்பியைப் போட்டு எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன அன்றுதான், அண்ணாச்சி சிபியூவைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். பேரலல் போர்ட்டில் எழுத்துருத் தொகுப்பின் பூட்டு, அதாவது நகலெடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கும் டாங்கிள், செருகியிருக்கிறது. அது இல்லாமல் ஓர் எழுத்துகூட வராது.

யுஎஸ்பி மாற்றுக் கேபிளில் பூட்டு தெரியவில்லை. மதர்போர்டில் செருகிப் பேரலல் போர்ட் தரும் பிசிஐ கார்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்; கார்டு வேறு முகவரியில் உட்கார்ந்துகொள்கிறது, பூட்டோ பழைய 378 என்ற முகவரியில்தான் தேடுகிறது போலும். பேரலல் போர்ட் பூட்டைப் பிசிஐ கார்டில் ஓடவைத்தவர்கள் யாராவது இருந்தால் எந்தக் கார்டு, முகவரியை எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். தை மாத முகூர்த்தங்களுக்கான வேலை அங்கே தொடங்கிவிட்டது.