பூஸ்டில் நாக்: டைமிங் எவ்வளவு இறக்கணும்? (1.3 டர்போ, பெங்களூரு)

வில்சன்கார்டன்_டர்போ:
பழைய மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர், போர் 74 மிமீ, கம்ப்ரஷன் 9:1க்கு இறக்கியது. 0.6 பார் பூஸ்ட் (டர்போ திணிக்கிற கூடுதல் காற்றழுத்தம்), தனி ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), 36-1 ட்ரிக்கர் வீல் (36ல ஒரு பல் இல்லாத சக்கரம்), அந்தப் பல்லை எண்ணுற விஆர் சென்சார் (காந்த சென்சார்), வேஸ்டட் ஸ்பார்க் காயில். ஐடிலில் டைமிங் லைட் அடிச்சா பொறி பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னாடி, ஈசியூவிலும் 10. 3500 தாண்டி பூஸ்ட் ஏறினதும் நாக் சத்தம் (கலவை தானா வெடிக்கிற தட்டல்). அந்த இடத்துல டைமிங் டேபிள்ல 20 இருக்கு. இன்னும் எவ்வளவு இறக்கலாம்?

சும்மா_ஸ்பார்க்:
கண்ணை மூடிட்டு 10 டிகிரி இறக்குங்க ப்ரோ, சத்தம் போயிடும்.

மடிவாளா_ட்யூனர்:
சத்தம் போகும், டர்பைனும் சேர்ந்து போகும். அவ்வளவு இறக்கினா எரியறது தாமதமாகி, எக்ஸாஸ்ட்ல போற வாயு ரொம்பச் சூடாகும், மேனிஃபோல்ட் பழுத்துச் சிவக்கும்.

டேபிளை இப்போ தொடாதீங்க. முதல்ல கிராங்க் புல்லியில இருக்கிற மார்க் நிஜமான டிடிசியான்னு (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) பாருங்க. பழைய புல்லியில நடு ரப்பர் வழுக்கி வெளி வளையம் நகர்ந்திருக்கும். முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கையால இரண்டு பக்கமும் சுத்தி, முட்டுற இரண்டு இடத்துக்கும் நடுவுல வெள்ளைக் கோடு போடுங்க. புல்லி விட்டம் 140 மிமீன்னா 10 டிகிரிக்கு 12.2 மிமீ.

அப்புறம் ஈசியூவில டைமிங்கை 10ல லாக் பண்ணி, நியூட்ரல்ல 1000லயும் 3000லயும் லைட் அடிங்க. கோடு அசையவே கூடாது. டயல் வச்ச லைட்டுன்னா டயலை 0ல வைங்க; வேஸ்டட் ஸ்பார்க் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பொறி விடுறதால டயல் கணக்கு தப்பும்.

வில்சன்கார்டன்_டர்போ:
பார்த்தேன். டிடிசி மார்க் சரி. 1000ல 10, 3000ல 14க்கு நகருது.

மடிவாளா_ட்யூனர்:
அப்போ விஆர் சென்சாரோட இரண்டு ஒயரும் மாறியிருக்கு. பல் தாண்டும்போது சட்டுனு பூஜ்யத்தைக் கடக்கிற விளிம்பை எடுக்காம, மெதுவா ஏறுற விளிம்பை ஈசியூ எடுக்குது. வேகம் கூடக் கூட சிக்னல் பெருசாகி முன்னாடியே ட்ரிக்கர் ஆகும். நீங்க 20ன்னு நினைச்ச இடத்துல 24க்கு மேல ஓடிட்டு இருக்கு. ஒயரை மாத்தி, ட்ரிக்கர் ஆங்கிளைத் திரும்ப செட் பண்ணி, மறுபடி லைட் அடிங்க. அது வரைக்கும் பூஸ்ட்ல மிதிக்காதீங்க.

ஓசூர்ரோடு_74மிமீ:
அது சரியான பிறகு டேபிள். ஒரு பிஎஸ்ஐக்கு சுமார் 1 டிகிரிங்கிறது ஆரம்பக் கணக்குதான். 100 கேபிஏவுல (1 பார், பூஸ்ட் இல்லாத அழுத்தம்) 28ன்னா, 0.6 பாருக்கு (8.7 பிஎஸ்ஐ) 19 வரும். அதுக்கும் 4 கீழ, 15ல ஆரம்பிச்சு ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க. டார்க் உச்சத்துல இருக்கிற ஆர்பிஎம்லதான் எண் ரொம்பத் தாழ்வா இருக்கணும், மேல போகப்போகக் கொஞ்சம் ஏறலாம். ஏத்தியும் டார்க் கூடலைன்னா அங்கேயே நிறுத்துங்க. நாக் கேட்க பிளாக்ல சென்சார் மாட்டி ஃபில்டரை 7.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்ல ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) எண்ணை நம்பாம லாம்டா 0.80 பாருங்க (1ன்னா சரியான கலவை, கீழ போனா எரிபொருள் அதிகம்). பிளக் ஒரு படி குளிர்ந்தது, கேப் 0.7 மிமீ. என்ஜிகேல எண் ஏறினா குளிர்ச்சி. போஷ்ல நேர் எதிர், பலர் இதுல மாட்டிக்குவாங்க.

பெங்களூருல பலரும் விடுறது இன்னொண்ணு. இங்க காற்றழுத்தம் சுமார் 91 கேபிஏ. 0.6 பார் சேர்ந்தா மேப் (இன்டேக்ல மொத்த அழுத்தம்) 151. பூஸ்டைக் கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் வால்வோட ஸ்பிரிங் வெளிக்காற்றை வச்சுத்தான் திறக்கும், அதனால கிருஷ்ணகிரி இறங்கி வேலூர் தாண்டினா அதே 0.6 பார் 160 பக்கம் வந்துடும். டேபிள்ல நீங்க இங்க ட்யூன் பண்ணாத வரிசை அது. அங்க பழைய எண்ணே இருந்தா, மே மாச வெயில்ல கேட்கவே வேண்டாம். 160, 170 வரிசையில இப்பவே 2, 3 டிகிரி குறைச்சு வைங்க. உள்காற்று 45 டிகிரி செல்சியஸ் தாண்டினா டைமிங்கைக் குறைக்கிற கரெக்‌ஷனையும் ஆன் பண்ணுங்க. சில்க் போர்டு டிராஃபிக்ல அரை மணி நின்னா, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் எப்படி இருக்கும்னு தெரியுமே.

வில்சன்கார்டன்_டர்போ:
ஒயரை மாத்தி ஆங்கிளும் செட் பண்ணியாச்சு. 1000, 3000, 4500 மூணுலயும் 10 அசையாம நிக்குது. நாளைக்கு 15ல இருந்து ஆரம்பிக்கிறேன்.