ஒத்தையா நிக்கது இயற்கைக்கு விரோதமா?

ஆத்தங்கரைக்காரி:
நேத்து பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம். பட்டப்பகல்ல அருந்ததி காட்டுனாங்க, அது இருக்கட்டும். கல்யாணமே வேண்டாம்னு இருக்க எங்க சித்திகிட்ட ஒரு பெரியவர், "டி.என்.ஏ.வே சோடிதாம்மா, ஒத்தையா நிக்கது இயற்கைக்கு விரோதம்"னுட்டாரு. சுத்தி இருந்தவங்களும் தலையாட்டுதாங்க. அறிவியல் அப்படியா சொல்லுது?

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
பெரியவர் சொன்னதுல விஷயம் இருக்கு தாயி. டி.என்.ஏ.வோட ரெண்டு இழையிலயும் எதிரெதிரா நிக்க காரங்கள்ல அடினினுக்கு தைமின், குவானினுக்கு சைட்டோசின். முதல் சோடிக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, அடுத்ததுக்கு 3. ஒரு இழையில பழுது வந்தா எதிர் இழையைப் பார்த்துத் திருத்திக்கிடும். என் வீட்டம்மா இல்லன்னா எனக்கு எந்த மாத்திரை எப்பன்னே தெரியாது.

ஆத்தங்கரைக்காரி:
நகல் எடுக்கணும்னா அந்த ரெண்டு இழையும் பிரியணும்லா சார்? அதை விட்டுட்டீங்க.

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
பிரிஞ்ச இழை ஒவ்வொண்ணும் புதுத் துணையைத்தான சேத்துக்கிடுது!

ஆத்தங்கரைக்காரி:
அப்போ மறுமணத்துக்கும் டி.என்.ஏ. சாட்சின்னு அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுங்க, பாப்போம்.

உடன்குடிப் பனை:
அண்ணாச்சி, எங்க விளையில வந்து பாரும். ஆண்பனை வேற, பெண்பனை வேற. நுங்கு பெண்ணுலதான். அதுக்காவ சோடி சோடியாவா நிக்கு? எந்த மரத்து மகரந்தம்னு நுங்குக்கே தெரியாது. பதநீர் ரெண்டுலயும் இறக்குதோம்.

ஆத்தங்கரைக்காரி:
சார், உங்க பாடத்துக்கே வாரேன். நாம இழுக்க ஆக்சிஜன் மூலக்கூறுல 2 எலக்ட்ரான் சோடி சேராம நிக்கா இல்லையா? திரவ ஆக்சிஜன் காந்தத்துல ஒட்டுறதே அதனாலதான?

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
நிக்கு. மறுக்க முடியாது. எலக்ட்ரான் எப்படி இடம்பிடிக்கும்னு சொல்லுத ஹுண்ட் விதிக்கு நானே டவுன் பஸ்ஸைத்தான் உதாரணம் சொல்லுவேன்: காலி சீட்டு இருக்க வரைக்கும் ஒவ்வொருத்தனும் தனித்தனியா உக்காருவான், வேற வழி இல்லன்னாதான் அடுத்தவன் பக்கத்துல போவான். ஆனா சோடி சேராத எலக்ட்ரான் உள்ளது பெரும்பாலும் சும்மா இருக்காது தாயி. தனி உறுப்பு, அதான் ஃப்ரீ ராடிக்கல்னு படிச்சிருப்ப, எதுகூடயாவது ஒட்டத் துடிக்கும்.

உடன்குடிப் பனை:
எலக்ட்ரான் துடிக்கும். அவங்க சித்தி துடிக்காங்களா?

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
சரி வே, அந்த அருந்ததி?

ஆத்தங்கரைக்காரி:
தொலைநோக்கி வச்சு ஆராய்ஞ்சவங்க அருந்ததி பக்கத்துல தெரியுத வசிட்டர்ங்கிறது 4 நட்சத்திரம், அருந்ததி 2 நட்சத்திரம்னு சொல்லிட்டாங்க. மணமேடையில நாம காட்டுதது ஆறு பேர் உள்ள கூட்டுக்குடும்பம், சார்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி:
அதுவும் மூணு சோடிதான!

ஆத்தங்கரைக்காரி:
சித்திகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். "ஆக்சிஜன் சங்கதியை மட்டும் அனுப்பு, அவர் நம்பர் எங்கிட்ட இருக்கு"ங்கா.