சிவப்பு கீமோ மருந்தைக் கை நரம்பில் ஏற்றும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: காரைக்குடி மகள்

வணக்கம். என் அம்மாவுக்கு 57 வயது. இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, அந்தப் பக்கத்து அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். வரும் வாரம் கீமோ தொடங்குகிறது. டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரண்டு மருந்துகளையும் 21 நாட்களுக்கு ஒருமுறை நான்கு தடவை கொடுப்பார்களாம்; அதன் பிறகு வாராவாரம் பேக்ளிடாக்சல் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், தங்க வேண்டியதில்லை.

வார்டில் அருகில் இருந்த ஓர் அம்மாள், "அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டு வெளியே போனால் கையே வெந்துவிடும்" என்று சொன்னதிலிருந்து அம்மா சரியாகத் தூங்குவதில்லை. அதைவிட எனக்கு இன்னொரு கவலை இருக்கிறது. அம்மா எந்த வலியையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே துணைக்கு ஒருவரை எப்போதும் அனுமதிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஊசி போடும் நேரத்தில் அம்மா எவற்றைக் கவனிக்க வேண்டும், போர்ட் (மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் பொருத்தும் சிறு கருவி) வைத்துக்கொள்வது நல்லதா, வீட்டுக்கு வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். என் தங்கை ஆறு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளால் அம்மாவுடன் ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர்

வணக்கம் சகோதரி. புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவின் மருத்துவர் சொல்வதற்கு மாறாக இதில் ஏதேனும் இருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

அந்த அம்மாள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் ரத்தக் குழாயை விட்டுத் தசைக்குள் கசிந்தால் அங்குள்ள திசுக்களைக் கொன்றுவிடும். இறந்த செல்களிலிருந்து வெளிவரும் மருந்து பக்கத்துச் செல்களையும் தாக்குவதால், புண் நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டே போகும். அதனால்தான் இதற்கு இவ்வளவு கட்டுப்பாடுகள். அவர் சொல்லாத மறுபாதி என்னவென்றால், இப்படிக் கசிவது அரிது. கசிந்தாலும் முதல் சில துளிகளிலேயே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் பெரிய பாதிப்பு இல்லாமல் தப்பித்துவிடலாம். அந்த முதல் சில துளிகளைக் கண்டுபிடிக்கும் கருவி எதுவும் வார்டில் கிடையாது. வீக்கம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எரிச்சல் நோயாளிக்குத் தெரிந்துவிடும். ஆகவே, "பரவாயில்லை" என்ற சொல்லை அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் அம்மா மறந்துவிட வேண்டும். எரிகிறது, குத்துகிறது, இறுக்கமாக இருக்கிறது, ஈரமாக இருக்கிறது, ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என எதுவாக இருந்தாலும் உடனே, உரக்கச் சொல்ல வேண்டும். சிஸ்டர் வேறு வேலையில் இருந்தாலும் கூப்பிட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று யாராவது சொன்னாலும் இந்த மருந்து விஷயத்தில் பொறுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்பது அவருடைய உரிமை.

இனி, ஊசி போடும் இடத்தைப் பற்றி. நெறிக்கட்டி எடுத்த இடது கையைத் தவிர்த்து, வலது கையில்தான் போடுவார்கள். முன்கையின் நடுப்பகுதி நல்லது. மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் தவிர்க்க வேண்டும், புறங்கை இரண்டாம்பட்சம். மடிப்பில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூட்டும் கெட்டுவிடும். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் பொருத்தும் வென்ஃப்ளான் ஊசி அன்றைக்குப் புதிதாகப் போட்டதாக இருக்க வேண்டும். முந்தின நாள் போட்ட பழைய ஊசியில் இந்த மருந்தை ஏற்றக் கூடாது. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கீமோவுக்கு முந்தின நாள் ஊரில் உள்ள லேபில் ரத்தம் கொடுக்கும்போது, அதே வலது கையின் முழங்கை மடிப்பில் குத்தி எடுத்துவிடுவார்கள். மறுநாள் அதற்குக் கீழே முன்கையில் மருந்தை ஏற்றினால், மேலே இருக்கும் அந்தப் பழைய துளை வழியாகவே கசிய வாய்ப்பிருக்கிறது. ரத்தத்தைப் புறங்கையில் எடுக்கும்படி லேபில் கேளுங்கள்.

முதலில் வாந்தியைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுப்பார்கள். பிறகு சலைன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கக்குழாய் வழியாகச் சிவப்பு மருந்தைச் சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளுவார்கள். தள்ளுபவர் சில மில்லிகளுக்கு ஒருமுறை பின்னுக்கு இழுத்து, குழாயில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். அப்படிப் பார்ப்பதுதான் சரியான முறை. அந்த நேரம் முழுவதும் செவிலியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்தை இணைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. அம்மா செய்ய வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். சிரிஞ்சு வருவதற்கு முன்பே கழிவறைக்குப் போய்விட்டு வந்துவிட வேண்டும். வளையல்களைக் கழற்றிவிட்டு, கை தளர்வாக இருக்கும் ரவிக்கை அணிந்து செல்ல வேண்டும். குளிர்கிறது என்று முந்தானையால் கையை மூடிக்கொள்ளக் கூடாது. ஊசி இருக்கும் இடம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிய வேண்டும். காலையிலிருந்தே தண்ணீர் குடித்து, கையை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் ரத்தக் குழாய் எளிதில் கிடைக்கும்.

சிலருக்கு மருந்து போகும்போது ரத்தக் குழாயின் வழியே சிவப்புக் கோடு ஓடி அரிக்கும். அதில் வீக்கம் இருக்காது, ரத்தமும் பின்னுக்கு வரும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும் ஒவ்வாமை அது. ஆனால் எது கசிவு, எது ஒவ்வாமை என்று தீர்மானிப்பது செவிலியரின் வேலை. அம்மாவின் வேலை சொல்வது மட்டுமே.

கசிந்துவிட்டது என்று சந்தேகப்பட்டால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். ஊசியைப் பிடுங்கிவிடாமல், அதன் வழியாகவே முடிந்தவரை மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகு ஊசியை எடுப்பார்கள். அந்த இடத்தை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து, புகைப்படம் எடுத்து வைப்பார்கள். பிறகு 15 முதல் 20 நிமிடம் வரை குளிர் ஒத்தடம் கொடுப்பார்கள். இதை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது, ஓரிரு நாட்களுக்குத் தொடர வேண்டும். வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகளுக்கு இதற்கு நேர்மாறாகச் சூடான ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும் என்பதால், பக்கத்துக் கட்டிலில் பார்த்ததை இங்கே செய்துவிடாதீர்கள். டெக்ஸ்ராசோக்சேன் என்ற மாற்று மருந்தும் உண்டு. கசிந்த 6 மணி நேரத்துக்குள் மறு கையில் ஏற்றத் தொடங்கி, மூன்று நாட்கள் அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். அது அந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு வைப்பதில் தவறில்லை. வீடு திரும்பிச் சில நாட்கள் கழித்துக்கூட ஊசி போட்ட இடம் சிவந்து, வீங்கி, கொப்புளம் கிளம்பக்கூடும். அப்படி நேர்ந்தால் எண்ணெயோ மஞ்சளோ தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே காட்டுங்கள்.

போர்ட்டைப் பொறுத்தவரை, வலது முன்கையில் நல்ல குழாய்கள் இருந்தால் நான்கு தடவைக்குக் கையே போதும் என்பது என் கருத்து.

பதில் 2: சிகிச்சை முடித்தவர்

செவிலியர் அம்மா மேலே எழுதியிருப்பது அனைத்தும் சரி; போர்ட் விஷயத்தில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். கணக்கை நான்கோடு நிறுத்தக் கூடாது. அதன்பின் வாராவாரம் பேக்ளிடாக்சல் என்றால் பெரும்பாலும் 12 வாரங்கள் வரும். பயாப்சி அறிக்கையில் ஹெர்2 பாசிட்டிவ் (கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அதிகம்) என்று இருந்தால் அதற்கான ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து ஓராண்டு வரை தொடரும். இவை அனைத்தையும் ஒரே கையில், ஒரே பக்கத்தில் ஏற்ற வேண்டும். எனக்கு முதல் தடவை கையில்தான் ஏற்றினார்கள். கசியவில்லை, ஆனாலும் அந்தக் குழாய் கயிறு திரித்ததைப் போல விறைத்துக் கறுத்துவிட்டது. அடுத்த தடவைக்கு முன் வலது பக்கக் கழுத்தெலும்புக்குக் கீழே போர்ட் வைத்தார்கள். அதன் பிறகு குழாய் தேடும் வேதனை இல்லை. இரண்டு கைகளும் என் வசம் இருந்தன.

அதற்காகப் போர்ட் வைத்துவிட்டால் கவலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதில் குத்தும் ஊசி தனி வகை. அது சரியாக உட்காராவிட்டால் நெஞ்சிலும் கசியும், ஆகவே எரிச்சலைச் சொல்லும் பொறுப்பு அங்கேயும் உண்டு. சிகிச்சை இல்லாத காலத்திலும், மருத்துவமனை சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, போர்ட்டைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போர்ட் இருக்கும்போது குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். செலவும் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுவதாக இருந்தால், போர்ட்டும் அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. செவிலியர் பெயரைச் சொல்லி அழைத்தவுடன் அம்மா தலையாட்டிவிடக் கூடாது. ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே நாளில் வந்திருப்பது எங்கள் வார்டில் வெகு சாதாரணம். தன் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் தானே சொல்லிவிட்டு, சிரிஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் அளவு கணக்கிடுகிறார்கள் என்பதால் ஒவ்வொரு தடவையும் எடை பார்த்தாக வேண்டும்.

பதில் 3: மருந்தாளுநர்

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் உங்கள் தங்கையைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான். முன்பே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவார். இரண்டு நாட்களுக்குப் பிறகும் சிவப்பாக இருந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தாலோ சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கி வைக்காமல் அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்கிறார்கள். இதயக் கோளாறு இருந்தால் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயம் என்றதும் நினைவுக்கு வருகிறது: தொடங்குவதற்கு முன் எக்கோ எடுத்திருப்பார்கள், அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்கு வாழ்நாள் வரம்பு உண்டு; உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்று கொள்வார்கள். ஒரு தடவைக்கு வழக்கமாக 60 மில்லிகிராம் என்பதால் நான்கு தடவைக்கு 240 தான் ஆகும். என்றாலும் பிற்காலத்தில் வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் ஏற்கெனவே எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

உங்கள் தங்கை தாராளமாக ஒரே வீட்டில் இருக்கலாம். அம்மாவைத் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், சேர்ந்து சாப்பிடலாம். மருந்து ஏற்றியதிலிருந்து 48 மணி நேரத்துக்கு அம்மாவின் சிறுநீர், மலம், வாந்தி, அவை பட்ட துணி ஆகியவற்றை மட்டும் தங்கை கையாளக் கூடாது. மற்றவர்களும் கையுறை அணிந்தே சுத்தம் செய்யுங்கள். அந்தத் துணிகளைத் தனியாக இரண்டு முறை துவையுங்கள். மேல்நாட்டுக் கழிவறையாக இருந்தால் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீரைத் திறந்துவிடுங்கள். நம் ஊர்க் கழிவறையாக இருந்தால் தெறிக்காதவாறு நிறையத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முடிந்தால் அந்த இரண்டு நாட்களுக்குத் தங்கை வேறு கழிவறையைப் பயன்படுத்தட்டும்.

நாட்டு மருந்து, சூரணம், சத்து மாத்திரை என எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

காரைக்குடி மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வலித்தால் சொல்வது சிஸ்டருக்குத் தொந்தரவு இல்லையா?" என்று கேட்டார். "சொல்லாவிட்டால்தான் தொந்தரவு" என்றேன், ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு சந்தேகம். மறுநாள் வெள்ளணுக்களுக்காக ஓர் ஊசியை வாங்கிக் கொடுத்து, ஊரிலேயே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அதைப் பேருந்தில் கொண்டுவரலாமா? எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில் 4: ஓய்வுபெற்ற செவிலியர்

அது பெக்ஃபில்கிராஸ்டிமாகவோ ஃபில்கிராஸ்டிமாகவோ இருக்கும். குளிர்ப்பெட்டியில் கொண்டுவரலாம், ஆனால் ஐஸ் கட்டியின் மேல் நேராகப் படக் கூடாது, உறைந்துவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே போட வேண்டும். மறுநாள் காலையில் செவிலியர் வந்துவிட்டார் என்பதற்காக முன்கூட்டிப் போட்டுவிடாதீர்கள். இதைத் தோலுக்கு அடியில் போடுவார்கள். ஓரிரு நாட்கள் இடுப்பெலும்பும் முதுகும் வலிக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் அளந்து பாருங்கள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

கீமோ ஏற்றியதிலிருந்து பொதுவாக 10 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது வெப்பநிலை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசர நிலைதான். நிலவேம்புக் கஷாயம் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்றத் தொடங்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயணம் அதற்கு ஒத்துவராது. ஆகவே பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் போய்விடுங்கள். அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் இதைச் சாதாரணக் காய்ச்சலாக எண்ணிவிடாதிருக்க, மருந்துகளின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, "காய்ச்சல் வந்தால் உடனே ரத்த அணுக்களைப் பரிசோதிக்கவும்" என்ற குறிப்பு, இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய கடிதம் ஒன்றை முதல் தடவையே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கும் இடத்திலேயே அதன் நகல் ஒன்றையும் வையுங்கள்.