லேப்ரடார் (லேப்) நாய் வாலடியைக் கடித்துக் குதறுகிறது, ஊசி போட்டால் பத்து நாள்தான் தாங்குகிறது

சாரல்வாசி, செங்கோட்டை:

சந்தன நிற லேப், ஆண், 3 வயசு, 28 கிலோ. ஆனிச் சாரல் பிடிச்சதுல இருந்து உடம்பு அரிப்பு. வாலடி, இடுப்பு, பின்தொடை உள்பக்கம், இந்த மூணு இடத்துலயும் மக்காச்சோளக் கருதைக் கொறிக்கிற மாதிரி முன்பல்லால முடியைக் கொறிச்சு எடுக்குது. வாலடியில உள்ளங்கை அகலத்துக்கு முடி போய், தோல் சிவந்து, சின்னச் சின்னப் பரு. முன்னங்கால் விரலிடுக்கையும் நக்கி நக்கி முடி செம்பட்டை ஆயிட்டு. காதோரமும் முழங்கையும் சுத்தமா இருக்கு.

ரெண்டு தடவை ஊசி போட்டாச்சு. மறுநாளே அரிப்பு நிக்குது, 10, 12 நாள்ல திரும்பிருது. சீட்டுல டெக்சாமெத்தசோன், ஐவர்மெக்டின்னு எழுதியிருக்கு. வாரம் ஒருக்க கிருமிநாசினி சோப்புல குளிப்பாட்டி வேப்பெண்ணெய் தடவுறோம். சாப்பாடு கோழியும் சோறும், ராத்திரி தயிர்சோறு, சாயங்காலம் ரெண்டு பிஸ்கட். படுக்கை மாட்டுத்தொழுவத்தை ஒட்டின சிமெண்ட் கூண்டு, கீழ சாக்கு. உண்ணி தென்பட்டா பிடுங்கிருவோம். தெள்ளுப்பூச்சி ஒண்ணுகூடக் கண்ணுல படல. வீட்டுல ஒரு பூனையும் உண்டு.

இது சொறியா, உணவு ஒவ்வாமையா? தானியம் இல்லாத தீனிக்கு மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

மேக்கரை:

அண்ணாச்சி, தீனியில இப்போ கை வைக்காதீங்க. நாய் எங்க கடிக்குதுன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். காதோரம், முழங்கை, பின்கால் முட்டின்னா சார்காப்டிஸ்ங்கிற நுண்பூச்சியால வர்ற சொறியைச் சந்தேகப்படணும். காதுமடல் ஓரத்தை விரலுக்கிடையில வச்சுத் தேய்ச்சா பின்காலைத் தூக்கிச் சொறியிற பாவனை காட்டும். வீட்டு ஆளுகளுக்கும் கையில, வயித்துல சிவப்புத் தடிப்பு வரும். பாதம், அக்குள், அடிவயிறு, முகம், காதுன்னா தூசி, பூஞ்சை, உணவு மாதிரி ஒவ்வாமை. வாலடி, இடுப்பு, பின்தொடைன்னா தெள்ளு, வேற எதையும் அப்புறம்தான் யோசிக்கணும். உங்க நாய்க்கு தெள்ளு இடம் மூணும் அச்சு அசலா இருக்கு. பாதம் தனிக்கதை, அதைப் பிறகு பாப்போம்.

பூச்சி கண்ணுல படலைங்கிறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாய்க்கு ஒவ்வாமை பூச்சியோட எச்சில்மேல. நாலஞ்சு கடி போதும். அதோட, அரிப்பு தாங்காம கொறிச்சே பூச்சியை முழுங்கிரும். அதனால பூச்சியைத் தேடாம அதோட கழிவைத் தேடுங்க. வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைச்சுப் பிழிஞ்சு விரிச்சுக்கோங்க. தலைப்பேன் எடுக்கிற ஈர்வலியால வாலடியில இருந்து இடுப்பு வரைக்கும் எதிர்முடியா வாரி, வர்ற தூசியை அதுமேல தட்டி ரெண்டு நிமிஷம் விடுங்க. மண்ணா இருந்தா கறுப்பாவே கிடக்கும். கழிவா இருந்தா சுத்தி செங்காவி நிறம் கசியும். அது செரிச்ச ரத்தம். நேத்து குளிப்பாட்டியிருந்தா இன்னைக்குப் பாத்துப் பலனில்ல, மூணு நாள் விட்டுப் பாருங்க.

காவி கசிஞ்சா மாத்திரைதான். நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா ரெண்டும் மாசத்துக்கு ஒண்ணு; பிராவெக்டோ 12 வாரத்துக்கு ஒண்ணு, அதைச் சாப்பாட்டோட கொடுக்கணும். உங்க 28 கிலோவுக்கு நெக்ஸ்கார்ட்ல 25–50 கிலோ அட்டை, மத்த ரெண்டுலயும் 20–40 கிலோ அட்டை. எடையை உத்தேசமா சொல்லாதீங்க. நாயைத் தூக்கிட்டு எடைமெஷின்ல நின்னு, உங்க எடையைக் கழிச்சுக்கோங்க. பெரிய மாத்திரையை ஒடைச்சு ரெண்டு நாய்க்குப் பங்கு போடுற வழக்கம் இருக்கு, மருந்து ரெண்டு பாதியிலயும் சமமா இருக்கும்னு நம்ப முடியாது. நாய்க்கு எப்பவாவது வலிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம இந்த மூணையும் தொடக்கூடாது. பூனைக்கு இதே அட்டையைக் கொடுக்காதீங்க, பூனைக்குன்னு தனி மருந்து உண்டு. ஆனா பூனையை விட்டுட்டு நாய்க்கு மட்டும் பண்ணினா வேலை பாதியில நிக்கும்.

ஒரு மாத்திரையில முடியாது, குறைஞ்சது 3 மாசம் விடாம. நாய்மேல இருக்கிற வளர்ந்த பூச்சி மொத்தத்துல நூத்துக்கு அஞ்சு பங்குதான். மிச்சம் முட்டை, புழு, கூட்டுப்புழுவா சாக்குலயும் தரை வெடிப்புலயும் கிடக்கு. கூட்டுப்புழு மருந்துக்கு அசையாது. மாசக்கணக்கில கிடந்துட்டு, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் குதிச்சு வரும். மருந்து கொடுத்த மூணாவது வாரம் திடீர்னு பூச்சி தெரியிறது இதனாலதான். அப்போ மருந்து போலின்னு நிறுத்திருவாங்க, அங்கதான் எல்லாரும் தோக்குறாங்க.

சாக்கைக் கொளுத்திருங்க. அதுக்குப் பதிலா துவைக்கிற மாதிரி பருத்தித் துணி ரெண்டு வச்சு, வாரம் ஒருக்க கொதிக்கிற தண்ணியில முக்கி எடுங்க. புழு வெளிச்சத்துக்குப் பயப்படும், ஈரப்பதம் இல்லாம செத்துரும். ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற சாரல் காத்தோட ஈரம் அதுக்கு நல்ல தோது. கூண்டோட தொழுவப் பக்கத்து இருட்டு மூலையில தினம் கூட்டிக் குப்பையை எரிக்கணும். பூனை இருக்கிறதால பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பூச்சிமருந்து அடிக்கிறதா இருந்தா, தரை நல்லாக் காயிற வரைக்கும் அதை அந்தப் பக்கமே விடாதீங்க. பூனைக்கு அது விஷம்.

கம்பம் பள்ளத்தாக்கு:

மேக்கரை அண்ணன் சொன்னதோட ஊசியைப் பத்தியும் சொல்லணும். மறுநாளே அரிப்பு நின்னது டெக்சாமெத்தசோனால, ஐவர்மெக்டினால இல்ல. டெக்சா ஸ்டீராய்டு. எந்த அரிப்பையும் அமுக்கும், காரணத்தைத் தொடாது. அதோட வேகம் தீர்ந்ததும் அரிப்பு திரும்பிருது. ஐவர்மெக்டின் தெள்ளைக் கொல்லாது, உண்ணிக்கும் நம்பி விட முடியாது. ஆக ரெண்டு ஊசியில ஒண்ணு மறைச்சிருக்கு, இன்னொண்ணு இந்த வியாதிக்குச் சம்பந்தமே இல்ல.

மாட்டுக்கு வாங்குற 1 சதவீத ஐவர்மெக்டின் மில்லிக்கு 10 மில்லிகிராம். 5 கிலோ குட்டிக்குக் கண்ணளவுல 1 மில்லி போட்டா கிலோவுக்கு 2 மில்லிகிராம் போகுது. சொறிக்குப் போடுற கிலோவுக்கு 0.2ஐ விடப் பத்து மடங்கு. கோலிங்கிற (Collie) நாய் இனக் கலப்பு இருந்தா சாதாரண அளவே மூளைக்கு ஏறி, தள்ளாட்டம், குருடு, மயக்கம் வரை போகும். கூலிக்கு ஊசி போடுறவங்க கையில இதைக் கொடுக்காதீங்க.

இன்னொரு ஊசிக்கு முன்னாடி ஸ்கின் ஸ்கிராப்பிங் எடுக்கச் சொல்லுங்க. பருவை விட்டு, முடி கொட்டின ஓரத்துல தோலை விரலால அமுக்கிப் பிடிச்சு, லேசா ரத்தம் கசியிற வரைக்கும் பிளேடு முதுகால சுரண்டி, ஸ்லைடுல ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெயில பாக்கணும். டெமோடெக்ஸ்ங்கிற இன்னொரு சொறி நுண்பூச்சி முடிக்குழியில ஆழத்துல இருக்கும். மேலோட்டமா சுரண்டினா கிடைக்காது. ஸ்டீராய்டு கொடுக்கக் கொடுக்க டெமோடெக்ஸ் பெருகும், ரெண்டு ஊசி போட்ட நாய்க்கு இதைப் பாக்காம விடக்கூடாது. சார்காப்டிஸ் வேற மாதிரி: பத்து இடத்துல சுரண்டினாலும் ஒண்ணும் கிடைக்காம போகலாம், அதனால ஸ்லைடு சுத்தமா இருக்குன்னு அதைத் தள்ளிர முடியாது. நல்லவேளையா மேல சொன்ன மூணு மாத்திரையும் இந்த ரெண்டு சொறிக்கும் கேக்கும்.

உண்ணியை வெறுமனே பிடுங்கிப் போடுறது ஆத்துல ஒரு கை தண்ணி மொண்ட கதை. ரத்தம் குடிச்ச பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவத்துல ஏறி, வெடிப்புல போய் ஆயிரக்கணக்குல முட்டை போடும். கூண்டுக்குள்ள டார்ச் அடிச்சு, கூரைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற வெடிப்பைப் பாருங்க. கடுகு கொட்டி வச்ச மாதிரி தெரியும். வெடிப்புல தீக்குழல் காட்டி, சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடிங்க. நாய்க்கு திடீர்னு காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்குல ரத்தம்னா அன்னைக்கே ரத்தத்துல பிளேட்லெட் பாக்கணும். அது தோல் வியாதியில சேராது, உண்ணிக் காய்ச்சல்.

சாரல்வாசி:

பேப்பர் சோதனை பண்ணிட்டேன். மூணு இடத்துல காவி கசிஞ்சுது. கூரை வெடிப்புல கடுகும் இருக்கு! மாத்திரைக்குச் சொல்லியாச்சு. பரு அப்படியே இருக்கு, விரலிடுக்குல புளிச்ச தோசைமாவு வாடை வருது. அதுக்கு என்ன பண்ண? குளிப்பாட்டுறதை நிறுத்தணுமா?

வாளையார் தாண்டி:

நிறுத்த வேண்டாம், மாத்திக் குளிப்பாட்டணும். புளிச்ச வாடையும் செம்பட்டையும் சேர்ந்தா மலாசீசியாங்கிற ஈஸ்ட் பூஞ்சை. செம்பட்டை எச்சில் பட்டதால வர்ற சாயம், நக்கல் நின்னு புது முடி வந்தாத்தான் போகும். வாலடிப் பரு பாக்டீரியா. ரெண்டுமே ரெண்டாவதா வந்து உக்காந்தவங்க, ஆனா இவங்களை விரட்டாம தெள்ளை மட்டும் கொன்னா அரிப்பு பாதிதான் குறையும்.

உறுதிப்படுத்த செலோ டேப்பை விரலிடுக்குல ரெண்டு, மூணு தடவை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா நிலக்கடலை வடிவத்துல தெரியும். எந்தக் கால்நடை டாக்டரும் பத்து நிமிஷத்துல பாத்துச் சொல்லிருவார். மருந்து, 2 சதவீத குளோர்ஹெக்சிடின், 2 சதவீத மைக்கோனசோல் கலந்த ஷாம்பு. வாரத்துக்கு ரெண்டு தடவை, 3 வாரம். முதல்ல சாதாரண நாய் ஷாம்புல எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிருங்க, இல்லேன்னா மருந்து தோலைத் தொடாது. பிறகு மருந்து ஷாம்புவைத் தேய்ச்சு, கடிகாரத்தைப் பாத்து 10 நிமிஷம். எல்லாருக்கும் இங்கதான் பொறுமை போகுது. ரெண்டாவது நிமிஷமே தண்ணி ஊத்திருவாங்க, மருந்து சாக்கடைக்குப் போகும். அந்தப் பத்து நிமிஷம் கையில சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து நக்கவிடாம பாத்துக்கோங்க. கழுவினதும் விரலிடுக்கை ஒவ்வொண்ணா பிரிச்சுத் துணியால ஒத்தி எடுங்க. லேபுக்கு ரெண்டடுக்கு முடி. மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் நிக்கும். சாரல் நாள்ல ஃபேனுக்கு அடியில அரைமணி கட்டிப் போடுங்க.

வேப்பெண்ணெயை விட்டுருங்க. எண்ணெய்ப்பசையில வளர்ற ஈஸ்டுக்கு அது சோறு போட்ட மாதிரி. மெடிக்கல்ல விக்கிற மூணு மருந்து கலந்த படைக் களிம்பும் வேண்டாம். உள்ள வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், நாய் நக்கி வயித்துக்குள்ள போகும். நக்காம இருக்க கழுத்துக்கு கோன் மாட்டுங்க, அது மூக்கு நுனியைத் தாண்டி நாலு விரல் நீண்டிருக்கணும். தரை துடைக்கிற ஃபினாயில் ஈரத்துல நடந்தாலே சில நாய்க்குப் பாதம் அரிக்கும், காயவிட்டு உள்ள விடுங்க.

பரு பரவினாலோ சீழ் கட்டினாலோ ஆண்டிபயாடிக் வேணுமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். ஆரம்பிச்சா சொன்ன நாள் வரை கொடுக்கணும்; மேல காஞ்சதும் நிறுத்தினா அடுத்த தடவை அதே மருந்து கேக்காம போகலாம்.

இனி தீனி. தெள்ளு மருந்து 8 வாரம் ஒழுங்கா போன பிறகும் பாதம், காது, அக்குள்ல அரிப்பு மிச்சம் இருந்தா மட்டும் உணவுச் சோதனை. தானியமில்லாத தீனிங்கிறது விளம்பரம். நாய்க்கு ஒவ்வாமை தர்றதுல முன்னால நிக்கிறது மாட்டுக்கறி, பால் பண்டம், கோழி. கோதுமை அதுக்குப் பின்னாலதான். உங்க நாய் தினம் தின்கிற கோழியும் தயிரும் இந்தப் பட்டியல்லயே இருக்கு. எல்லைப்புறத்துல புனலூர், பாலக்காடு பக்கமிருந்து மலிவா வர்ற மாட்டுக்கறிக் கழிவையும் நிறைய நாய் தின்னுது, அதையும் யோசிச்சுக்கோங்க.

சோதனைக்கு இதுவரை தின்னாத ஒரு கறி, ஒரு மாவுப்பொருள். ஆட்டுக்கறி தின்னதில்லேன்னா எலும்பில்லாத ஆட்டுக்கறி நாளைக்கு 400 கிராம், மரச்சீனிக்கிழங்கு வேகவச்சது 450 கிராம், தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி; 28 கிலோ நாய்க்கு ஏறத்தாழ ஒரு நாள் சக்தி. கிழங்கைத் தோலுரிச்சு, நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிரணும், அதுல சயனைடு சத்து இறங்கியிருக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்கக்கூடாது. கோழிக்குப் பதிலா வாத்து, காடைன்னு போகாதீங்க, எல்லாம் பறவை இனம். ஒண்ணுக்கு ஒவ்வாமைன்னா இன்னொண்ணுக்கும் வரலாம். 8 வாரம், இடையில ஒண்ணும் கூடாது. பிஸ்கட், பக்கத்துவீட்டுப் பாட்டி போடுற முறுக்கு, கறிச்சுவை ஏத்தின பூச்சிமாத்திரை, எல்லாமே கெடுக்கும். மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுருங்க. கால்சியம் இல்லாத சாப்பாடு இது, 8 வாரத்துக்கு மேல நீட்டாதீங்க, குட்டிக்குச் செய்யவே வேண்டாம்.

அரிப்பு நின்னா சோதனை முடியல. பழைய கோழிச்சோத்தைத் திரும்பப் போட்டு ரெண்டு வாரம் பாக்கணும். திரும்ப அரிச்சாத்தான் உணவுன்னு அர்த்தம். அரிக்கலைன்னா சாரல் நின்னதால குறைஞ்சிருக்கலாம்.

தோட்டத்துக்காவல்:

இவ்வளவு எதுக்குங்க? கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசினா போதாதா?

மேக்கரை:

கந்தகம் சார்காப்டிஸ் சொறிக்குக் கேக்கும், அதை மறுக்கல. தெள்ளுக்குக் கேக்காது, இங்க இருக்கிறது தெள்ளு. அதுல கற்பூரம் சேர்க்கிற வழக்கம் இருந்தா உடனே விட்டுருங்க, நக்கினா வலிப்பு வரும். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் பூசுறதும் அப்படித்தான், தோல் வெந்து போகும்.

அண்ணாச்சி, மூணு மாசம் மாத்திரையும் ஷாம்புவும் முறையா போயும் பாதம் அடங்கலைன்னா, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போங்க. லேபுக்கு அடோபி ஒவ்வாமை, அதாவது தூசி, பூஞ்சை மாதிரி சுத்துப்புறப் பொருளால வர்றது, சகஜம், பெரும்பாலும் 6 மாசத்துக்கும் 3 வயசுக்கும் நடுவுல ஆரம்பிக்கும். அதுக்கு ஓக்லாசிட்டினிப் மாதிரி தினமாத்திரை உண்டு, அதைத் தொடங்குறதுக்கு முன்னாடி சொறிப்பூச்சியும் ஈஸ்டும் இல்லைன்னு உறுதியாகணும். போறதுக்கு முந்தின மூணு நாள் குளிப்பாட்டாதீங்க, காதுக்குள்ள மருந்து விடாதீங்க. பழைய ஊசிச் சீட்டை எடுத்துட்டுப் போங்க. தேதியோட ஸ்டீராய்டு பேரு தெரிஞ்சாத்தான் அவங்க என்ன சோதனை எடுக்கலாம்னு முடிவு பண்ண முடியும்.